சிறுநீரக மாற்று: "வேற்று இனத்தார் கொடுத்தால் பொருந்துமா?" – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் தாமான் குடியிருப்புகளிலிருந்தும் வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு வருகிறவர்கள், அவர்களை வேனில் அழைத்து வரும் பிள்ளைகள், சிறுநீரகம் கொடுக்க முன்வந்து கடைசியில் தயங்கி நிற்கும் தம்பி தங்கைகள் ஆகியோர் கேட்ட கேள்விகள் இவை. கேட்டவர்கள் பேச்சிலேயே கொடுத்திருக்கிறோம். இனத்தைப் பற்றிய தவறான எண்ணத்தால் நல்ல சிறுநீரகம் கைநழுவிப் போகக் கூடாது என்பதற்காகவே இதைத் தொகுத்தோம். இது பொது விளக்கம் மட்டுமே. உங்கள் மருந்தின் அளவை உங்கள் சிறுநீரக மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மலாய்க்காரர், சீனர் சிறுநீரகத்தை நம்ம ஆளுக்கு வைத்தால் உடம்பு ஏற்றுக்கொள்ளுமா?

ஏற்றுக்கொள்ளும். இந்த நாட்டில் 1975 டிசம்பரில் கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் முதல் சிறுநீரக மாற்று நடந்தது. மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகம் இனம் மாறிப் போவது இங்கே வழக்கமான காரியம். அடையாள அட்டையில் என்ன இனம் என்று எழுதியிருக்கிறது என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்திக்குத் தெரியாது. அது பார்ப்பது உயிரணுக்களின் மேல் ஒட்டியிருக்கும் சில புரதங்களை மட்டும்தான்.

அப்படியானால் இனத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா என்றால், அப்படியும் சொல்லிவிட முடியாது. ஒரே வம்சாவளியில் வந்தவர்களிடம் சில மரபணுக்கள் கூடுதலாகக் காணப்படும். அந்த வழியாகத்தான் "இனம்" இந்தக் கதைக்குள் வருகிறது. எந்த இடத்தில், எவ்வளவு தூரம் என்பதைக் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

அப்புறம் எதைப் பார்த்துத்தான் பொருத்தம் சொல்கிறார்கள்?

முதலில் இரத்த வகை. 'ஓ' வகைக்காரர் யாருக்கும் கொடுக்கலாம், 'ஏபி' வகைக்காரர் யாரிடமும் வாங்கலாம். 'ஏ' வகை 'ஏ'வுக்கும் 'ஏபி'க்கும் பொருந்தும், 'பி' வகை 'பி'க்கும் 'ஏபி'க்கும் பொருந்தும். பாசிட்டிவ், நெகட்டிவ் என்ற வேறுபாட்டைச் சிறுநீரகத்துக்குப் பார்ப்பதில்லை. "நான் பி பாசிட்டிவ், அண்ணன் பி நெகட்டிவ், அதனால் முடியாது" என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

இரண்டாவது எச்எல்ஏ எனப்படும் திசு வகை. இது ஆறாவது குரோமோசோமில் உள்ள மரபணுக்களால் வருவது. ஏ, பி, டிஆர் என்ற மூன்று இடங்களில் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என மொத்தம் ஆறு. ஆறில் எத்தனை வேறுபடுகிறது என்று எண்ணுவார்கள். ஆறும் ஒத்துப்போனால் மிக நல்லது. ஆறும் வேறுபட்டாலும் இன்றைய மருந்துகளோடு மாற்று செய்ய முடியும். ஆனால் வேறுபாடு கூடக்கூட, பல வருடக் கணக்கில் பார்த்தால் சிறுநீரகத்தின் ஆயுள் கொஞ்சம் குறையும்.

மூன்றாவது, பலரும் கவனிக்காதது, எதிர்ப்பொருள். பிறருடைய எச்எல்ஏ மீது உங்கள் இரத்தம் ஏற்கெனவே பகை வளர்த்து வைத்திருக்கிறதா என்று பார்ப்பது. இரத்தம் ஏற்றிக்கொண்டது, கருவுற்றது, முன்பு ஒரு மாற்று செய்துகொண்டது ஆகிய மூன்று வழியாகத்தான் இது பெரும்பாலும் உண்டாகிறது. கடைசியில் கொடுப்பவரின் வெள்ளணுக்களையும் வாங்குபவரின் சீரத்தையும் (இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) கலந்து பார்ப்பார்கள். அணுக்கள் செத்தால் "கிராஸ்மேட்ச் பாசிட்டிவ்". இதில் மட்டும் பாசிட்டிவ் என்றால் கெட்ட செய்தி.

கூடப் பிறந்தவர்கள் என்றால் கண்டிப்பாகப் பொருந்தும்தானே?

கண்டிப்பாக இல்லை. ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்த இருவர் எச்எல்ஏவில் முழுதும் ஒத்துப்போக நாலில் ஒரு வாய்ப்பு, பாதி ஒத்துப்போக நாலில் இரண்டு, கொஞ்சமும் ஒத்துப்போகாமல் இருக்க நாலில் ஒன்று. பெற்றவர்களும் பிள்ளையும் எப்போதும் குறைந்தது பாதி. இரட்டையர்களில் ஒரே உருவில் பிறந்தவர்களுக்கு மட்டும் எல்லாமே ஒன்று. 1954-இல் பாஸ்டனில் ஜோசப் மரே செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அப்படிப்பட்ட இரட்டையருக்குள்தான் நடந்தது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து இல்லாத காலத்திலேயே அது நிலைத்தது.

ஆக, உங்கள் சொந்த அண்ணனே எச்எல்ஏவில் உங்களுக்கு அந்நியராக இருக்கலாம். "நம்ம இரத்தம்" என்ற சொல்லுக்கு ஆய்வகத்தில் இவ்வளவுதான் மதிப்பு.

எங்க வீட்டில் தலைமுறை தலைமுறையாக மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம்தான். அதனால் பொருத்தம் கூடுமா?

கூடலாம். அப்பாவும் அம்மாவும் ஒரே தாத்தாவின் எச்எல்ஏ தொகுதியைச் சுமந்துகொண்டிருந்தால், பிள்ளைக்கும் பெற்றவருக்கும்கூட முழுப் பொருத்தம் வர வழியுண்டு. வெளியில் கட்டியவர்கள் வீட்டில் இது அபூர்வம். அதனால் நெருங்கிய உறவில் திருமணமான குடும்பங்களில் "அம்மாவுக்குப் பாதிதானே பொருந்தும்" என்று ஒதுக்காமல் எல்லோரையும் பரிசோதிப்பது நல்லது. சித்தப்பா, பெரியம்மா பிள்ளைகளையும் சேர்த்துச் சொல்கிறோம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. உறவுக்குள் திருமணம் நடந்த குடும்பங்களில் மறைந்து வரும் பரம்பரைச் சிறுநீரக நோய்களும் கூடுதலாக வெளிப்படும். நோயாளிக்கு முப்பது வயதுக்குள் சிறுநீரகம் கெட்டு, காரணம் தெரியவில்லை என்றால், கொடுக்க முன்வரும் சகோதரரிடமும் அதே கோளாறு அமைதியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நீர்க்கட்டிச் சிறுநீரக நோய் குடும்பத்தில் இருந்தால், பெற்றவரில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதை ஸ்கேன் பார்க்காமல் யாரும் கொடுக்கக் கூடாது.

என் வீட்டுக்காரர் சீனர், நான் தமிழ். இரத்த வகை பொருந்துகிறது, ஆனால் ஆறில் ஐந்து வேறுபாடு என்கிறார்கள். பேசாமல் இந்தியர் சிறுநீரகத்துக்கே காத்திருக்கவா?

கிராஸ்மேட்ச் நெகட்டிவ் என்றால், காத்திருக்க வேண்டாம் என்பதே எங்கள் திடமான கருத்து. 1995-இல் திசுப் பொருத்த ஆய்வாளர் டெரசாகியும் அவருடன் சேர்ந்தவர்களும் அமெரிக்கத் தரவுகளை எடுத்துப் பார்த்தார்கள். கணவன் மனைவிக்குள் கொடுக்கப்பட்ட சிறுநீரகங்களில் எச்எல்ஏ பொருத்தம் மிக மோசம். இருந்தும் மூன்று வருடம் கழித்து 85 விழுக்காடு வேலை செய்துகொண்டிருந்தன. பெற்றோர் கொடுத்தவை 82. இறந்தவரிடமிருந்து எடுத்தவை 70. காரணம் எளிது: நல்ல உடல்நிலையில் இருப்பவரிடமிருந்து எடுத்து, பக்கத்து அறையிலேயே உடனே வைக்கப்படும் சிறுநீரகம் அடிபடுவதில்லை. இறந்தவரின் சிறுநீரகம் பனிக்கட்டிப் பெட்டியில் பல மணி நேரம் இரத்தமில்லாமல் கிடந்து வருகிறது. காகிதத்தில் இருக்கும் பொருத்தத்தைவிடச் சிறுநீரகத்தின் ஆரோக்கியம் பெரிது. அது மட்டுமா, டயாலிசிஸில் கழியும் ஒவ்வொரு வருடமும் இதயத்தையும் இரத்தக் குழாயையும் தேய்க்கிறது.

ஒரு எச்சரிக்கை. உங்களுக்கு அவர் மூலம் பிள்ளைகள் பிறந்திருந்தால், கருவில் இருந்த பிள்ளையின் பாதி எச்எல்ஏ அவருடையது. அதன் மீது உங்கள் இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்க வாய்ப்புண்டு. கருச்சிதைவு ஆகியிருந்தாலும் சொல்லுங்கள், அதுவும் கணக்கில் சேரும். இங்கே இடைஞ்சல் செய்யக்கூடியது அந்த எதிர்ப்பொருள்தான். அவர் சீனர் என்பது இடைஞ்சலே இல்லை.

எனக்கு 'பி' வகை. இந்தியர்களில் பி-காரர்கள் ரொம்ப நாள் காத்திருக்கணும் என்று இங்கிலாந்து டாக்டர் ஒருவர் யூடியூப்பில் சொன்னார்.

அவர் இங்கிலாந்து நிலவரத்தைச் சொல்லியிருப்பார். அங்கே உறுப்புக் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். அவர்களில் 'பி' வகை பத்தில் ஒருவர் அளவுக்குத்தான். தெற்காசியர்களில் மூன்றில் ஒருவர் அளவுக்கு 'பி'. கேட்பவர் அதிகம், கொடுப்பவர் குறைவு, அதனால் வரிசை நீள்கிறது. மலேசியாவில் மலாய்க்காரர், சீனரிடையேயும் 'பி' தாராளமாக உண்டு. ஆகவே அந்தக் கணக்கை அப்படியே இங்கே இறக்கக் கூடாது. இங்கே காத்திருப்பு நீள்வதற்குக் காரணம் வேறு. டயாலிசிஸில் 50,000-க்கும் மேற்பட்டோர் இருக்க, இறந்தபின் கொடுப்பவர்கள் எல்லா இனத்திலும் மிகக் குறைவு.

வம்சாவளி உண்மையிலேயே குறுக்கே நிற்கும் ஓர் இரத்த வகை இருக்கிறது. அது 'பாம்பே' வகை. 1952-இல் மும்பையில் பெண்டே குழுவினர் கண்டறிந்தார்கள். சாதாரணப் பரிசோதனையில் 'ஓ' போலத் தெரியும், ஆனால் 'ஓ' இரத்தத்தையே உடம்பு தாக்கும். மிக மிக அபூர்வம், இந்திய வம்சாவளியில்தான் கூடுதல். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது அப்படிச் சொல்லியிருந்தால் முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கு மாற்றுச் சிறுநீரகம் சீக்கிரம் கெட்டுவிடுகிறது என்று ஆய்வு சொல்கிறதாமே. நமக்கும் தோல் கறுப்புதானே, அப்படியா ஆகும்?

தோல் நிறத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. அந்த ஆய்வுகள் சொல்வது உண்மை. அங்கே ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு வைக்கப்பட்ட சிறுநீரகத்தின் சராசரி ஆயுள் குறைவு, ஆசிய வம்சாவளியினருக்கு நன்றாகவே நிற்கிறது. ஏன் என்று தோண்டினால் பல கயிறுகள் பின்னிக் கிடக்கின்றன: நீண்ட காலம் டயாலிசிஸில் காத்திருந்தது, உயிரோடிருப்பவரிடமிருந்து கிடைப்பது குறைவு, எச்எல்ஏ வேறுபாடு அதிகம், மருந்து அளவு போதாமை. மருந்துக்கான காசு இன்னொன்று. அங்கே அரசுக் காப்பீடு பலருக்கு மாற்றுக்குப் பின் 36 மாதம் வரைதான் மருந்துக்குப் பணம் கொடுத்தது. 2023 ஜனவரியில்தான் அந்த எல்லை தளர்ந்தது. மருந்தை நிறுத்தினால் எந்த இனத்தவர் சிறுநீரகமும் போய்விடும். எல்லோருக்கும் காப்பீடு உள்ள பிரான்ஸில் 2005-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் மற்றவர்களுக்கும் அந்த அளவு வேறுபாட்டைக் காணவில்லை.

மரபணுக் காரணமும் ஒன்று உண்டு. 2010-இல் 22-ஆம் குரோமோசோமில் ஏபிஓஎல்1 என்ற மரபணுவின் இரு திரிபுகளைக் கண்டுபிடித்தார்கள். ஆப்பிரிக்காவின் தூக்க நோய்க் கிருமியிடமிருந்து காக்க வந்தவை அவை. இரண்டு பிரதியும் திரிபாக அமைந்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். ஆப்பிரிக்க அமெரிக்கர்களில் சுமார் 13 விழுக்காட்டினரிடம் அப்படி இருக்கிறது. கொடுத்தவரிடம் அது இருந்தால் வைத்த சிறுநீரகம் சீக்கிரம் தளர்கிறது. தமிழரிடமும் மலாய்க்காரரிடமும் சீனரிடமும் இந்தத் திரிபுகள் கிட்டத்தட்ட இல்லை. அதனால் அந்த அமெரிக்க எண்களை நம் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

அப்படியென்றால் கொடுப்பவர் இனம் முக்கியம் என்றுதானே அர்த்தம்?

இல்லை, கொடுப்பவரின் மரபணு முக்கியம். மேலே சொன்ன 13 விழுக்காட்டைத் திருப்பிப் பாருங்கள். மீதி 87 விழுக்காட்டினரிடம் அந்தச் சிக்கல் கிடையாது. ஆனால் அமெரிக்காவில் இறந்தவரின் சிறுநீரகத்துக்குத் தரம் போடும் கணக்கில் "கறுப்பினத்தவர்" என்றாலே மதிப்பெண் மோசமாகும்படி வைத்திருந்தார்கள். நல்ல சிறுநீரகங்களும் தரம் தாழ்ந்து, யாருக்கும் பயன்படாமல் போயின. 2024-இல் அந்தக் கணக்கிலிருந்து இனத்தை எடுத்துவிட்டார்கள்.

இனம் என்பது மூட்டையின் மேல் ஒட்டிய லேபிள் மாதிரி. உள்ளே இருப்பதைச் சோதிக்க வழி இல்லாத காலத்தில் லேபிளைப் பார்த்தார்கள். இப்போது மூட்டையைப் பிரித்துப் பார்க்க முடிகிறது.

இரத்தப் பரிசோதனையிலேயே இனத்தைச் சேர்த்துக் கணக்குப் போட்டார்களாமே, நிஜமா?

நிஜம். இரத்தத்தில் சேரும் கிரியேட்டினின் என்ற கழிவை வைத்துச் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று சொல்லும் ஈஜிஎஃப்ஆர் சூத்திரம் 1999-இல் வந்தபோது, கறுப்பினத்தவருக்கு வந்த விடையை 1.18-ஆல் பெருக்கச் சொன்னது. 2009-இல் வந்த சூத்திரத்தில் 1.159. விளைவு, அதே கிரியேட்டினின் உள்ள கறுப்பின நோயாளிக்குச் சிறுநீரகம் நன்றாக இருப்பதுபோல் காட்டி, மாற்றுப் பட்டியலில் சேர்வதைத் தாமதப்படுத்தியது. 2021-இல் இனமில்லாத புதிய சூத்திரம் வந்தது. அதன்பின் பாதிக்கப்பட்டவர்களுக்குக் காத்திருப்புக் காலத்தைத் திருத்திக் கொடுக்கவும் அமெரிக்காவில் உத்தரவிட்டார்கள்.

நமக்கு இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தச் சூத்திரங்கள் எதிலும் இந்தியர் என்று தனிக் கணக்கு கிடையாது. தசை குறைந்த, சைவம் மட்டும் சாப்பிடும், 45 கிலோ எடையுள்ள அம்மாவுக்குக் கிரியேட்டினின் இயல்பாகவே குறைவாக இருக்கும். சூத்திரம் அவர் சிறுநீரகத்தை உள்ளதைவிட நன்றாகக் காட்டும். அவர் கொடுக்க முன்வந்தால், சூத்திரத்தோடு நிறுத்தாமல் நேரடியாக அளக்கும் பரிசோதனையையும் கேளுங்கள்.

என் அண்ணனுக்கும் ஒரு சீனருக்கும் ஒரே மாதத்தில் ஆபரேஷன், ஒரே எடை. அவருக்கு டாக்ரோலிமஸ் மாத்திரை குறைவு, அண்ணனுக்கு இரண்டு மடங்கு. அண்ணன் உடம்பு சிறுநீரகத்தை எதிர்க்கிறதா?

பயப்பட வேண்டாம். டாக்ரோலிமஸ் என்பது உடம்பு புதிய சிறுநீரகத்தை எதிர்க்காமல் தடுக்கும் மருந்து. அண்ணனின் குடலும் ஈரலும் மருந்தை வேகமாக எரிக்கின்றன, அவ்வளவுதான். சிஒய்பி3ஏ5 என்ற நொதி வேலை செய்கிறவர்களுக்கு வழக்கமான அளவைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தேவைப்படும். ஆப்பிரிக்க வம்சாவளியில் பெரும்பாலோருக்கு இந்த நொதி வேலை செய்யும், ஐரோப்பியர்களில் சிலருக்கு மட்டும். இந்தியர், மலாய்க்காரர், சீனர் நடுவில் வருகிறோம். மூன்று இனத்திலும் இரு வகையினரும் கணிசமாக இருக்கிறார்கள். அடுத்த படுக்கையில் இருக்கும் சீனருக்கே அண்ணனைவிட அதிகம் தேவைப்படலாம்.

கணக்கு எப்படி ஓடும் என்றால், 60 கிலோ எடையுள்ளவருக்குக் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் வீதம் நாளுக்கு 6, அதாவது காலை 3, இரவு 3 என்று தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சில நாளில் இரத்தத்தில் அளவு பார்ப்பார்கள். முதல் மாதங்களில் மில்லிலிட்டருக்கு 8 முதல் 12 நானோகிராம் வரை வேண்டும் என்பது பரவலான இலக்கு. ஒருவருக்கு 10 இருக்கும், அதே மாத்திரை குடித்த இன்னொருவருக்கு 4 தான் இருக்கும். அந்த நாலோடு விட்டால்தான் எதிர்ப்பு வரும். ஆகவே பார்க்க வேண்டியது இரத்த அளவை. மாத்திரையின் எண்ணிக்கையைப் பக்கத்துப் படுக்கையோடு ஒப்பிட வேண்டாம்.

இரத்தம் எடுக்கும் நாளில் விடியற்காலையே கிளம்பணும். மாத்திரையைப் போட்டுவிட்டுப் போகலாமா?

கூடாது. இங்கே நிறைய பேர் தவறும் இடம் இதுதான். அளவு பார்ப்பது அடுத்த மாத்திரைக்குச் சற்று முன், அதாவது இரவு மாத்திரை குடித்து 12 மணி நேரம் ஆன நிலையில். மாற்று செய்த மருத்துவமனை செலாயாங்கிலோ கோலாலம்பூரிலோ இருக்கும். அஞ்சு மணிக்கே கிளம்பணும் என்று பழக்க தோஷத்தில் காலை மாத்திரையைப் போட்டுவிடுகிறார்கள். ஒன்பது மணிக்கு இரத்தம் எடுத்தால் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும். மருத்துவர் அதை நம்பி மாத்திரையைக் குறைப்பார். இரண்டு வாரத்தில் கிரியேட்டினின் ஏறும்.

முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கு மாத்திரை. மறுநாள் காலை மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இரத்தம் எடுத்ததும் வாயில் போடுங்கள். மறந்து போட்டுவிட்டால் வெட்கப்படாமல் தாதியிடம் சொல்லிவிடுங்கள், வேறு நாள் கொடுப்பார்கள்.

தம்பூன் பம்பளிமாஸ் சாப்பிடலாமா?

டாக்ரோலிமஸ் அல்லது அதே வேலை செய்யும் சைக்ளோஸ்போரின் குடிப்பவர்கள் சாப்பிடக் கூடாது. மருந்தை எரிக்கும் நொதியை அது குடலிலேயே முடக்கி, அளவைத் தாறுமாறாக ஏற்றிவிடும். சாதாரண எலுமிச்சை ரசம் பரவாயில்லை. இது எந்த இனத்துக்கும் ஒன்றுதான்.

ஆபரேஷனுக்கு முன் எனக்கு இனிப்பு நீரே இல்லை. இப்போது இருக்கிறது என்கிறார்கள். கொடுத்தவரிடமிருந்து வந்ததா?

இல்லை, கொடுத்தவர் மேல் பழி போடாதீர்கள். டாக்ரோலிமஸ் கணையம் இன்சுலின் சுரப்பதைக் குறைக்கிறது, அதோடு சேர்த்துக் கொடுக்கும் ஸ்டீராய்டு இருக்கிற இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. தெற்காசிய வம்சாவளிக்கு ஏற்கெனவே இந்தப் பக்கம் சாய்வு அதிகம். 2019 தேசிய சுகாதார ஆய்வில் இந்நாட்டு இந்தியப் பெரியவர்களில் சுமார் 31 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். எங்களைக் கேட்டால், வாங்குபவர் இனத்தைப் பற்றி ஒரு தமிழ்க் குடும்பம் கவலைப்பட வேண்டிய முதல் இடம் இதுதான். புதிய சிறுநீரகத்தையும் பழையது போலவே இது அரிக்கும்.

பரிசோதனையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஸ்டீராய்டைக் காலையில் குடிப்பதால் சர்க்கரை மத்தியானத்துக்கு மேல்தான் ஏறும். வெறும் வயிற்றில் 5.8 (லிட்டருக்கு மில்லிமோல்) காட்டி, மதியச் சோற்றுக்கு இரண்டு மணி நேரம் கழித்து 13 காட்டுவது சர்வ சாதாரணம். வீட்டில் கருவி இருந்தால் முதல் மாதங்களில் பிற்பகலில் குத்திப் பாருங்கள். 11.1-க்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள். மூன்று மாதச் சராசரி காட்டும் பரிசோதனை, ஆபரேஷன் முடிந்த புதிதில் இரத்தசோகையால் தவறாகக் குறைத்துக் காட்டும். அதை மட்டும் நம்ப வேண்டாம். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைச் சர்க்கரைக்குப் பயந்து தானாக நிறுத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

தம்பி கொடுக்கிறேன் என்கிறான், வயது 26. நம்ம ஆட்களுக்கு இனிப்பு நீர் அதிகம் என்கிறீர்கள், நாளைக்கு அவனுக்கே சிறுநீரகம் போய்விட்டால்?

சரியான கேள்வி. 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, கொடுத்தவர்களில் 15 வருடத்துக்குள் சிறுநீரகம் முற்றும் செயலிழந்தவர்கள் 10,000-க்கு சுமார் 31 பேர், அவர்களைப்போலவே ஆரோக்கியமாக இருந்து கொடுக்காதவர்களில் சுமார் 4 பேர் என்று காட்டியது. ஆபத்து கூடுகிறது, ஆனால் மொத்தத்தில் சிறியது. அதே ஆய்வில் கறுப்பினக் கொடையாளிகளுக்கு 10,000-க்கு சுமார் 75, வெள்ளையருக்கு 23. வம்சாவளி கொடுப்பவரையும் தொடுகிறது, வாங்குபவரை மட்டுமல்ல.

தம்பிக்கு 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் பரிசோதனை கட்டாயம் வேண்டும். 7.8-க்கு மேல் வந்தால் எங்கள் கருத்து, கொடுக்க வேண்டாம் என்பதே. 26 வயதில் எல்லாம் சுத்தமாக இருப்பது நாற்பது வயதுக்கு உத்தரவாதம் ஆகாது. அப்பா அம்மா இருவருக்கும் இனிப்பு நீர், தம்பிக்குத் தொப்பை வேறு என்றால், 50 வயதில் சர்க்கரை இல்லாத அக்கா அவனைவிட நல்ல கொடையாளி. அவள் ஐம்பது வருடத்தைச் சர்க்கரை இல்லாமல் தாண்டிக் காட்டியவள். உடலளவையும் பாருங்கள்: 45 கிலோ அம்மாவின் சிறிய சிறுநீரகம் 90 கிலோ மகனின் உடம்பைச் சுமக்கத் திணறும். அது இனமல்ல, அளவு.

பட்டியலில் இனம் பார்த்துக் கொடுக்கிறார்களா? நேராகச் சொல்லுங்கள்.

இனத்துக்கு மதிப்பெண் கிடையாது. இரத்த வகை, காத்திருந்த காலம், எச்எல்ஏ, கிராஸ்மேட்ச் என்றுதான் போகிறது. ஆனால் எச்எல்ஏ பொருத்தத்துக்கு மதிப்பெண் கொடுக்கும் எந்த முறையிலும், கொடுப்பவர்கள் அதிகமுள்ள வம்சாவளிக்குச் சற்றே சாதகம் தானாக வரும். அமெரிக்காவில் இதைக் கண்டு 2003-இல் எச்எல்ஏ-பி பொருத்தத்துக்கான மதிப்பெண்ணையே நீக்கினார்கள். நம் பக்கத்திலிருந்து செய்யக்கூடியது, நம் ஆட்களும் உறுப்புக் கொடைக்குப் பதிவது. மைசெஜாத்ரா கைப்பேசிச் செயலியிலேயே பதியலாம். பதிந்ததை வீட்டில் சொல்லிவையுங்கள், ஏனென்றால் கடைசியில் சம்மதம் கேட்பது குடும்பத்திடம்தான்.

ஒரு சிறுநீரகத்துக்கு ஒரே நேரத்தில் பல பேரைக் கூப்பிடுவார்கள். உங்களைத் திருப்பி அனுப்பினால் கிராஸ்மேட்ச், காய்ச்சல் போன்றவை காரணமாக இருக்கலாம். கைப்பேசியை இரவிலும் திறந்து வையுங்கள், தோட்டத்துக்குள் அலைவரிசை கிடைக்காது என்றால் டவுனில் உள்ள உறவினர் எண்ணையும் கொடுத்து வையுங்கள்.

கொடுத்தவர் குணம், சாப்பாட்டுப் பழக்கம் நமக்கு வந்துவிடுமா?

வராது. சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் உறுப்பு. குணமும் நாக்கின் ருசியும் அதில் தங்குவதில்லை.

ஆபரேஷனுக்கு அப்புறம் செம்பனைத் தோட்ட வேலைக்குத் திரும்பலாமா?

இனத்தைவிட இடம் முக்கியமாகும் இடம் இது. புதிய சிறுநீரகம் அடிவயிற்றில் ஒரு பக்கம், தோலுக்குக் கீழே, விலா எலும்பின் காவல் இல்லாமல் இருக்கிறது. குலை ஒன்று 15, 20 கிலோ. முதல் எட்டு வாரம் 5 கிலோவுக்கு மேல் தூக்கவே கூடாது. அதன்பின்னும் குலை அறுப்பதும் லோரியில் ஏற்றுவதும் வேண்டாம். நழுவி விழும் குலையோ கம்பின் அடிமுனையோ அந்த இடத்தில் இடித்தால் போதும். எடை போடும் இடம், நாற்றங்கால், அலுவலகம் என்று மண்டோரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

எலி மூத்திரத்தால் வரும் லெப்டோஸ்பைரோசிஸும் சேற்று மண்ணிலிருந்து வரும் மெலியோய்டோசிஸும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து குடிப்பவரைக் கடுமையாகத் தாக்கும். இனிப்பு நீரும் சேர்ந்தால் இன்னும் மோசம். பூட்ஸ், கையுறை இல்லாமல் மழைக்காலச் சேற்றில் இறங்காதீர்கள். காய்ச்சல் 38-ஐத் தாண்டினால் பனடோல் போட்டுக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போய், "மாற்றுச் சிறுநீரகம், தோட்ட வேலை" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அக்காவுக்குத் தம்பி கொடுக்க வந்தான். ஆறில் ஐந்து ஒத்துப்போகிறது, இரத்த வகையும் சரி. கடைசியில் கிராஸ்மேட்ச் பாசிட்டிவ் என்று நிறுத்திவிட்டார்கள். பொருந்துகிறது என்றார்களே!

முன்பு சொன்ன மூன்றாவது விஷயம் இது. ஒத்துப்போகாத அந்த ஒன்றின் மீது அக்காவின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறது. ஒரே ஒரு வேறுபாடு போதும், அதன் மீது பகை இருந்தால். மேலே சொன்ன, ஆறில் ஐந்து வேறுபட்ட அந்தச் சீனக் கணவரின் சிறுநீரகம் போன்ற ஒன்றுகூட, பகை இல்லையென்றால் அக்காவுக்கு இதைவிடப் பாதுகாப்பு.

இதில் வம்சாவளி ஒரு சிறு வேலை செய்யலாம். எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனையில் பயன்படும், எச்எல்ஏ புரதம் பூசிய நுண்மணிகளில் ஐரோப்பியரிடம் அதிகம் காணப்படும் வகைகளே பெரும்பான்மை. இந்தியரிடம் உள்ள சில அபூர்வ வகைகள் அந்தத் தொகுப்பில் இல்லாமல் போகலாம். முதல் பரிசோதனை "எதிர்ப்பொருள் இல்லை" என்று சொல்லி, உயிரணுக்களோடு கலக்கும்போது மட்டும் பிடிபடுவது அதனாலும் இருக்கலாம். ஆகவே ஒரு பாசிட்டிவோடு மனம் உடையாமல், எந்த எச்எல்ஏ மீது எதிர்ப்பொருள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அந்த வகை இல்லாத இன்னொரு தம்பியோ, உறவில்லாத ஒருவரோ பொருந்தலாம். உறவில்லாதவர் என்றால் சுகாதார அமைச்சின் தனிக்குழு ஒப்புதல் வேண்டும்.

இனிமேல் எதிர்ப்பொருள் கூடாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். டயாலிசிஸில் இரத்தம் குறைந்தால் ஊசி, இரும்புச்சத்து ஆகியவற்றால் ஏற்ற முடியுமா என்று முதலில் கேளுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் இரத்தம் ஏற்றித்தான் ஆக வேண்டும், அதை மறுக்கக் கூடாது. ஏற்றினால் வெள்ளணு நீக்கிய இரத்தமாகக் கேளுங்கள். தேதியையும் எத்தனை பை என்பதையும் ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டை மாற்றுப் பிரிவுக்கு ஒவ்வொரு முறையும் கொண்டுபோங்கள். இரண்டு, மூன்று வாரம் கழித்துப் புதிய சீரம் எடுத்து மீண்டும் பார்க்கச் சொல்ல அந்தத் தேதிதான் அவர்களுக்கு வேண்டும்.